பாட்டிக்குப் பல் துலக்கிவிடுவது யார்?

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46 மணி. ஜப்பானின் கோபே நகரத்தை நிலநடுக்கம் புரட்டிப் போட்டது. வீடுகள் சரிந்தன, உயரத்தில் போட்டிருந்த விரைவுச் சாலை பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது, எங்கும் தீப்பிடித்தது. 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கணக்கில் 900க்கும் அதிகமானவர்கள் இடிபாடுகளில் சிக்கியவர்கள் அல்லர். நிலநடுக்கத்தில் பிழைத்து, பள்ளிக்கூடங்களிலும் முகாம்களிலும் தங்கி, பிறகு வந்த நாட்களில் நோய்வாய்ப்பட்டு இறந்தவர்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரின் உயிரை எடுத்தது நிமோனியா. பெரும்பாலும் முதியவர்கள்.

குளிர்காலம், நெரிசல், அலைச்சல் என்று காரணங்கள் பல. ஜப்பானியப் பல் மருத்துவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். உயிர் பிழைத்தால் போதுமென்று ஓடிவந்த கிழவர்களின் பல் செட் இடிபாடுகளுக்குள் கிடந்தது. பல் துலக்க பிரஷ் கிடையாது. குடிக்கவே தண்ணீருக்கு வரிசை நிற்கும் இடத்தில் வாய் கொப்பளிக்க யாரும் தண்ணீர் கேட்கவில்லை. நாள்கணக்கில், வாரக்கணக்கில் வாய் கழுவப்படாமலே இருந்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் பேரிடர் முகாம்களுக்கு பிரஷ்ஷும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பல் மருத்துவக் குழுக்களும் போகத் தொடங்கின.

நிலநடுக்கம் வந்த ஊரில் நடந்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும் முதியோர் இல்லத்திலும், பிள்ளைகள் சூழ இருக்கும் வீட்டிலும், படுக்கையில் கிடக்கும் பெரியவரின் வாய் அதே நிலையில் இருப்பதுதான் வேதனை. குளிப்பாட்ட ஆள் உண்டு. உடை மாற்ற, மாத்திரை கொடுக்க, சர்க்கரை பார்க்க ஆள் உண்டு. பல் துலக்கிவிடுவது மட்டும் பல இடங்களில் யார் பெயரிலும் எழுதப்படாத வேலை.

வாய்க்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம்? தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. விழுங்கும் நேரத்தில் மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்ளும். தவறி ஒரு பருக்கை உள்ளே போனால் புரை ஏறும், இருமல் வந்து அதை வெளியே தள்ளும். பக்கத்தில் இருப்பவர் தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பார். பக்கவாதம் வந்தவர்களுக்கும், பார்க்கின்சன்ஸ் நோய் உள்ளவர்களுக்கும், மறதி நோய் முற்றியவர்களுக்கும் அந்த இருமலே மங்கிவிடுகிறது. தூங்கும்போது எச்சில் சொட்டுச் சொட்டாக மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். அவருக்கும் தெரியாது, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் தெரியாது. எச்சிலோடு பல்லிடுக்கில் ஊறிக்கிடந்த கோடிக்கணக்கான கிருமிகளும் கூடவே இறங்குகின்றன.

1994இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைப் படமாகவே எடுத்துக் காட்டினார்கள். நிமோனியா கண்ட முதியவர்கள் 14 பேர், அதே வயதில் நிமோனியா வராதவர்கள் 10 பேர். இரவில் அவர்கள் பல்லில் மிகச் சிறிதளவு கதிரியக்க இண்டியத்தை வைத்துத் தூங்கவிட்டு, காலையில் மார்பை ஸ்கேன் செய்தார்கள். பல்லில் வைத்தது நுரையீரலில் தெரிந்தது: நிமோனியா வந்தவர்களில் 71 சதவீதம் பேருக்கு, வராதவர்களில் 10 சதவீதம் பேருக்கு.

நான்கு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் சூசன் லாங்மோர் குழுவினர் 189 முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து, யாருக்கு இப்படிப்பட்ட நிமோனியா வருகிறது என்று பார்த்தார்கள். விழுங்குவதில் சிரமம் இருப்பது மட்டும் போதுமான காரணமாக இல்லை. தானாகச் சாப்பிட முடியாமல் பிறர் ஊட்டிவிட வேண்டியிருப்பது, பல் துலக்கப் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது, சொத்தைப் பற்களின் எண்ணிக்கை ஆகியவை முன்னே வந்து நின்றன. அடுத்தவர் கையில் வாய் இருப்பதே ஆபத்துப் பட்டியலில் ஒன்று.

அந்தக் கை ஒழுங்காக வேலை செய்தால் என்ன ஆகும்? இதற்கு விடை தேடியவர் தாகேயோஷி யோனேயாமா என்ற ஜப்பானியப் பல் மருத்துவர். அவருடைய குழுவினர் 11 முதியோர் இல்லங்களில் 417 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளர்கள் ஐந்து நிமிடம் போலப் பல் துலக்கிவிட்டார்கள். வாரம் ஒருமுறை பல் மருத்துவரோ பல் சுகாதாரப் பணியாளரோ வந்து சுத்தம் செய்தார். மற்றப் பிரிவினர் வழக்கம்போலவே இருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, கடைசிவரை கணக்கில் இருந்த 366 பேரை எடுத்துப் பார்த்தபோது, வழக்கம்போல விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்திருந்தது. துலக்கிவிடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு. நிமோனியாவால் இறந்தவர்கள் முன்னதில் 30, பின்னதில் 14.

1999இல் முதல் தகவலும் 2002இல் முழு விவரமும் வெளிவந்த இந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வாயில் ஒரு பல்கூட இல்லாதவர்களுக்கும் பலன் கிடைத்தது. பல்லே இல்லாத வாயை எதற்குச் சுத்தம் செய்வது என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாக்கும் ஈறும் அண்ணமும் கிருமி வளர்வதற்குப் போதுமான இடங்கள்.

இதற்குமேல் எல்லாம் நேர்க்கோடாகப் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 36 முதியோர் இல்லங்களில் 834 பேரிடம் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. கையால் பல் துலக்குதல், குளோர்ஹெக்சிடின் மருந்துநீர், நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுதல் என மூன்றையும் சேர்த்துச் செய்தும் நிமோனியா குறையவில்லை. ஆய்வையே இடையில் நிறுத்தினார்கள். வட கரோலினாவில் 14 இல்லங்களில் பணியாளர்களுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து நடத்திய ஆய்வு 2020இல் வந்தது. முதல் ஆண்டில் நிமோனியா குறைந்தது. இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு உறுதியாக நிற்கவில்லை.

இந்த முடிவுகளை வைத்துக்கொண்டு வாய் சுத்தம் வீண் என்று யாரும் சொல்லவில்லை. நிமோனியாவுக்கு வேறு வாசல்களும் உண்டு. பயிற்சி கொடுத்த சூடு ஆறியதும் வேலை பழைய மாதிரியே ஆகிவிடுவதும் உண்டு. நிமோனியாவைத் தள்ளிவைத்தாலும் வலியில்லாமல் மெல்லவும், நாற்றமில்லாமல் பேரக்குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசவும் ஒரு மனிதருக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்கு ஆய்வு முடிவு எதுவும் தேவையில்லை.

ஜப்பான் இந்த விஷயத்தில் மற்ற நாடுகளைவிட முன்னே நிற்பதற்கு ஒரு காரணம், அது சீக்கிரமே முதுமை கண்ட நாடு. 1989இல் அரசும் பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து ‘8020’ என்ற இயக்கத்தைத் தொடங்கின: 80 வயதில் 20 சொந்தப் பற்கள். அந்தக் காலத்தில் பத்துக்கு ஒருவர்கூட இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. 2016இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் 80 வயதினரில் 51.2 சதவீதம் பேர் எட்டியிருந்தார்கள். இடையில் 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு வந்தது. 40 வயது முதல் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். படுத்த படுக்கையானவர் வீட்டுக்குப் பல் மருத்துவரும் பல் சுகாதாரப் பணியாளரும் வந்து பார்த்துச் சொல்லிக்கொடுப்பதற்கு அந்தக் காப்பீட்டிலேயே இடம் இருக்கிறது.

இந்த வெற்றியே புதிய பாரம் ஒன்றையும் கொண்டுவந்திருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்பு முதியோர் இல்லத்துக்கு வந்தவர் பெரும்பாலும் பொக்கை வாய். பல் செட் இருந்தால் கழற்றிக் கழுவினால் முடிந்தது. இப்போது வருபவர் சொந்தப் பற்களோடு வருகிறார். வேர் சிகிச்சை செய்து கேப் போட்ட பற்கள், பாலம் கட்டிய பற்கள், சிலருக்கு எலும்பில் பதித்த இம்ப்ளான்ட் பற்கள். அவற்றைக் கழற்றிக் கழுவ முடியாது. ஐம்பது வயதில் செலவழித்துக் காப்பாற்றிய பல், கை நடுங்கத் தொடங்கிய பிறகு ஓரிரு ஆண்டுகளிலேயே அழுகிப் போகலாம். தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பங்களும் இதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

வயதானவர்களின் சொத்தை குழந்தைகளின் சொத்தை மாதிரி இருப்பதில்லை. ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும். பல்லின் மேற்பகுதிக்கு இருக்கும் கெட்டியான எனாமல் வேருக்குக் கிடையாது. அதனால் சொத்தை பல்லின் கழுத்தைச் சுற்றி வளையமாக அரித்துக்கொண்டு போகும். ஒருநாள் இட்லி சாப்பிடும்போது மேற்பகுதி ஒடிந்து விழும், வேர் மட்டும் உள்ளே நிற்கும். இதோடு வாய் உலர்வு வேறு. ரத்த அழுத்தத்துக்கும் மன அழுத்தத்துக்கும் ஒவ்வாமைக்கும் சிறுநீர்ப்பைக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் பல உமிழ்நீரைக் குறைக்கின்றன. உமிழ்நீர்தான் வாயின் இயற்கைக் காவல். அமிலத்தைக் கரைத்து, பல்லுக்குத் தாதுவைத் திருப்பித் தருவது அதுதான். வாய் காய்கிறதே என்று மிட்டாய் கொடுப்பதும், மெல்ல முடியவில்லையே என்று சர்க்கரை போட்ட டீயில் நனைத்த பிஸ்கட்டை வேளைக்கு வேளை கொடுப்பதும் அன்பினால் செய்யப்படுபவைதான். கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே அந்தப் பிஸ்கட் மாவு மணிக்கணக்கில் தங்கியிருக்கும்.

நாற்காலியில் உட்காரவைத்துத் துளையிட்டு அடைக்க முடியாதவருக்கும் வழி இருக்கிறது. சில்வர் டயமின் ஃப்ளூரைடு என்ற திரவத்தைச் சொத்தையின் மேல் தடவினால் பலருக்கு அது மேற்கொண்டு பரவாமல் நின்றுவிடுகிறது. ஊசி வேண்டாம், துளை வேண்டாம், படுக்கையிலேயே செய்யலாம். சொத்தை இருந்த இடம் கருத்துப்போகும் என்பதுதான் முக்கியமான குறை. இதுவும் சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்த மருந்துதான். பல் மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பல் செட்டுக்கு வருவோம். இரவில் அதைக் கழற்ற மறுக்கும் பெரியவர்கள் நிறைய. பொக்கை வாயோடு யாரும் பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம். தோக்கியோவில் 85 வயது கடந்த 524 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2015இல் வெளியானது: பல் செட்டோடு தூங்குபவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். நாக்கிலும் ஈறிலும் அழுக்கும் காளானும் படிவதும் அவர்களுக்கே அதிகம். எனவே இரவில் கழற்ற வேண்டும். பற்பசை போட்டுத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து, அந்தக் கீறலில் கிருமி குடியேறும்; சாதாரண சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். கைதவறி விழுந்தாலும் உடையாமலிருக்க, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதற்கு மேலே பிடித்துக் கழுவ வேண்டும். பிறகு மூடியுள்ள டப்பாவில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, டப்பாவில் பெயர் எழுதி வைக்க வேண்டும். முதியோர் இல்லங்களில் பல் செட் காணாமல் போவது அன்றாடக் கதை. காகிதத்தில் சுற்றித் தலையணை ஓரத்தில் வைத்தது குப்பையோடு போய்விடும். அதன் பிறகு அந்த அம்மாவுக்கு மிச்சக் காலம் முழுவதும் கரைத்த கஞ்சிதான்.

பணக்கார நாடுகளில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் 2016இல் முதியோர் இல்லங்களுக்கான வாய்ப் பராமரிப்பு வழிகாட்டுதல் எழுத்தில் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அந்நாட்டுப் பராமரிப்புக் கண்காணிப்பு ஆணையம் 100 இல்லங்களுக்குப் போய்ப் பார்த்தது. 52 சதவீத இல்லங்களில் இதற்கென்று கொள்கை எதுவும் இல்லை. 47 சதவீத இல்லங்களில் பணியாளர்களுக்கு இதில் எந்தப் பயிற்சியும் இல்லை. ஆய்வு செய்த பராமரிப்புக் குறிப்புகளில் 73 சதவீதத்தில் வாயைப் பற்றி அரைகுறையாக எழுதியிருந்தது, அல்லது எழுதவே இல்லை.

பணியாளர்களைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. டயப்பர் மாற்றத் தயங்காத ஆயாகூட வாயைத் திறந்து கைவிடத் தயங்குவார். கடித்துவிடுவார்களோ என்ற பயம். தண்ணீர் புரை ஏறிவிடுமோ என்ற பயம். ஈறில் ரத்தம் வந்தால் நம்மைக் கேட்பார்களோ என்ற பயம். வீங்கிய ஈறில் ரத்தம் வருவதே சுத்தம் போதவில்லை என்பதன் அடையாளம், மெதுவாகத் தொடர்ந்து துலக்கினால் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து பேரைக் காலை எட்டு மணிக்குள் தயார் செய்ய வேண்டிய ஒருத்திக்கு எது கண்ணுக்குத் தெரியாதோ அதுதான் முதலில் விட்டுப்போகும். மூடிய வாய் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மறதி நோய் உள்ளவரிடம் இன்னும் கடினம். பிரஷ் எதற்கு என்றே தெரியாதவர் முன்னால் ஒருவர் வந்து நின்று வாயைத் திற என்றால், அவர் கண்ணுக்கு அது தாக்குதல். உதட்டை இறுக்குவார், கையைத் தட்டிவிடுவார், சிலர் அடிப்பார்கள். அமெரிக்க செவிலியர் பேராசிரியர் ரீட்டா ஜப்லோன்ஸ்கி பல ஆண்டுகளாக இதையே ஆராய்ந்து வருகிறார். அவர் சொல்லும் வழியின் சாரம், அந்த மனிதருக்கு அச்சம் எழாமல் பார்த்துக்கொள்வது. மேலிருந்து குனியாமல் எதிரே அவர் கண்மட்டத்தில் உட்கார வேண்டும். குழந்தையிடம் பேசுவது போலப் பேசக் கூடாது. அப்படிப் பேசினால் எதிர்ப்பு கூடுகிறது. எண்பது வயதுக்காரரிடம் “செல்லம், ஆ காட்டு” என்பதைவிட “அய்யா, பல்லு வெளக்கலாமுங்களா?” என்பது வேலை செய்யும். பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்து, அந்தக் கையின்மேல் நம் கையை வைத்துத் தொடங்கிவிட்டால், உடம்பில் ஊறிய பழக்கம் சிலருக்குத் தானாக விழித்துக்கொள்ளும். சிலருக்கு ஒரு பிரஷ் கையில் பிடித்துக்கொள்ள, இன்னொன்று துலக்க. ஒருவருக்கு முடியாவிட்டால் வேறொருவர் வந்து பார்க்கலாம். அப்போதும் முடியாவிட்டால் விட்டுவிட்டு அரை மணி கழித்து வரலாம். முரட்டுத்தனமாகத் திறப்பது மட்டும் கூடாது. ஒருநாள் பயந்தவர் மறுநாள் இன்னும் இறுக்கி மூடுவார்.

பேச முடியாதவரின் பல்வலி வேறு வேஷத்தில் வரும். பிடித்த உணவைத் தள்ளிவிடுவார். ஒரு பக்கமாகவே மெல்லுவார், கன்னத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார், இரவில் கத்துவார். அதைக் கிழத்தின் பிடிவாதம் என்றோ நோயின் முற்றல் என்றோ எடுத்துக்கொண்டு தூக்க மாத்திரை கொடுப்பதற்கு முன், டார்ச் அடித்து வாயைப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஜேன் சால்மர்ஸ் குழுவினர் உருவாக்கிய எளிய சோதனை முறையில் எட்டு இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: உதடு, நாக்கு, ஈறும் உட்சதையும், உமிழ்நீர், சொந்தப் பற்கள், பல் செட், சுத்தம், வலி. ஒவ்வொன்றுக்கும் நன்றாக இருக்கிறதா, மாறுதல் தெரிகிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று 0, 1, 2 மதிப்பெண். பல் மருத்துவம் படிக்காதவரும் சில நிமிடங்களில் செய்துவிடலாம். வெற்றிலை பாக்கு, புகையிலை போட்டவர்கள் நிறைந்த நம் ஊரில் இதற்குக் கூடுதல் அவசியம் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ தடித்த திட்டு, கட்டி எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படியே 60 வயது கடந்தவர்கள் 10.4 சதவீதம், நாட்டின் சராசரி 8.6. முதியோர் இல்லங்கள் பெருகியிருந்தாலும் படுக்கையில் விழுந்த பெரியவர்களில் மிகப் பலரைப் பார்த்துக்கொள்வது வீட்டில் உள்ள பெண்கள்தான்: மனைவி, மகள், மருமகள். வசதி உள்ள இடத்தில் ஹோம் நர்ஸ். அவர்கள் பெரும்பாலும் செய்வது ஈரத்துணியால் உதட்டைத் துடைப்பதும், விரலில் பற்பொடி தொட்டு முன்பல்லைத் தேய்ப்பதும். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் ஒட்டியிருக்கும் அழுக்குப் படலம் துணிக்கும் விரலுக்கும் வராது. சாம்பலும் செங்கல் பொடியும் உப்பும் ஈறு இறங்கிய வேரை அரித்துத் தேய்த்துவிடும்.

செய்ய வேண்டிய முறை கடினமானது அல்ல. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அல்லது முதுகுக்குத் தலையணை கொடுத்து, சாய்ந்து உட்காரவைக்க வேண்டும். முகவாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். தலை பின்னால் சாய்ந்தால் எச்சில் நேராகத் தொண்டைக்கு இறங்கும். உட்கார முடியாதவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கன்னத்தின் கீழே துண்டும் ஒரு கிட்னி ட்ரேயும் வைக்கலாம். மார்பில் ஒரு துண்டு, கையில் கையுறை. காய்ந்த உதட்டுக்கு முதலில் சிறிது வாஸ்லின் தடவினால் வாய் திறக்கும்போது வெடிக்காது. பல் செட்டைக் கழற்றிய பின், குழந்தைகளுக்கு விற்கும் சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து உதற வேண்டும். ஃப்ளூரைடு உள்ள பற்பசை பட்டாணி அளவு போதும். விழுங்கும் சிரமம் உள்ளவருக்கு அதைவிடக் குறைவாக, நுரை அதிகம் வராத பசை நல்லது. கன்னத்தை ஒரு விரலால் ஓரமாக விலக்கிக்கொண்டு, பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்துச் சின்னச் சின்ன அசைவாகத் துலக்க வேண்டும். பின்பற்களிலிருந்து தொடங்கி முன்னே வரலாம். நாக்கை உள்ளிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தடவி எடுக்க வேண்டும். பழைய இரும்பு வழிப்பானை வைத்து வழிக்கக் கூடாது, காய்ந்த நாக்கு கிழிந்துவிடும்.

துப்ப முடிந்தவர் துப்பட்டும். அதற்கு மேல் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம், ஃப்ளூரைடு போய்விடும். துப்ப முடியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. துலக்கத் துலக்க, ஈரமான காஸ் துணியை விரலில் சுற்றிக் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டே வர வேண்டும். மேல் பல்லுக்கும் கீழ் பல்லுக்கும் நடுவே விரலை வைக்கக் கூடாது. எலுமிச்சையும் கிளிசரினும் கலந்த பஞ்சுக் குச்சிகள் வாயை இன்னும் உலர்த்தும், பல்லையும் அரிக்கும். அவற்றை வாங்க வேண்டாம். ஒரு நாளில் ஒருவேளைதான் முடியும் என்றால் அது இரவாக இருக்கட்டும், தூக்கத்தில்தான் எச்சில் அதிகம் உள்ளே இறங்குகிறது. சாப்பிட்ட உடனே படுக்கவைக்காமல் அரை மணி நேரமாவது நிமிர்ந்து இருக்கவிட வேண்டும்.

மூக்கு வழியாகவோ வயிற்றிலோ டியூப் போட்டு ஆகாரம் கொடுக்கப்படுபவரின் வாயைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வாயால் எதுவும் சாப்பிடவில்லையே, எதைத் துலக்குவது என்று நினைப்பு. மெல்லாத வாயில் உமிழ்நீர் குறைவு. மெல்லும்போது தானாக நடக்கும் சுத்தமும் அங்கே இல்லை. அண்ணத்தில் பழுப்பு நிறத்தில் பொருக்குப் பொருக்காகக் காய்ந்து ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் சிறிது நேரம் ஊறவைத்து, இளகிய பிறகு மெதுவாக எடுக்க வேண்டும். இவர்களுக்கும் தினம் இருவேளை துலக்க வேண்டும், மற்றவர்களைவிடக் கட்டாயமாக.

உட்கார்ந்து பேச முடிந்தவர்களுக்கு ஜப்பானிய முதியோர் மையங்களில் சாப்பாட்டுக்கு முன் ஒரு பயிற்சி நடக்கும். எல்லோரும் சேர்ந்து சத்தமாக ‘ப, த, க, ர’ என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ப சொல்ல உதடு மூடித் திறக்கும். சாப்பாடு வெளியே சிந்தாமல் இருக்க அந்தத் தசை வேண்டும். த சொல்லும்போது நாக்கு நுனி மேலே அழுந்தும், க சொல்லும்போது நாக்கின் அடிப்பகுதி தொண்டைப் பக்கம் எழும், ர சொல்லும்போது நாக்கு சுருண்டு உணவை உருட்டப் பழகும். விழுங்கும் தசைகளுக்கு இது காலைநேரத் தேகப்பயிற்சி. காசு செலவில்லாத இந்தப் பயிற்சியைத் தமிழ்ப் பாட்டிகள் இன்னும் நன்றாகவே செய்வார்கள்.

அரசும் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவரைப் பார்க்க வரும் செவிலியர் அந்த எட்டு இடங்களையும் பார்த்து எழுதிக்கொள்வதும், வீட்டிலுள்ள பெண்ணுக்குத் துலக்கும் முறையை ஒருமுறை செய்து காட்டுவதும் அதனோடு சேர வேண்டும். மாநிலம் முழுவதும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் பள்ளிக்கூடங்களுக்கு முகாம் போவது போல முதியோர் இல்லங்களுக்கும் முறை வைத்துப் போகலாம்.

அதுவரை குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. அப்பாவையோ அம்மாவையோ ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகும்போது அறையின் அளவையும் சாப்பாட்டுப் பட்டியலையும் பார்ப்பதோடு, இங்கே இரவில் பல் துலக்கிவிடுவது யார், அது எந்த நோட்டில் எழுதப்படுகிறது, பல் மருத்துவர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வருகிறார் என்று கேளுங்கள். பல் செட் இருந்தால் பெயர் பொறித்துக் கொடுங்கள். பார்க்கப் போகும் நாளில் ஆப்பிள், ஆரஞ்சோடு ஒரு புது பிரஷ்ஷும் எடுத்துப் போங்கள். பழைய பிரஷ்ஷைத் தொட்டுப் பாருங்கள். வாங்கிக் கொடுத்த அன்று இருந்தது போலவே இருந்தால் யாரும் துலக்கிவிடவில்லை என்று அர்த்தம். சண்டை போட வேண்டாம். அன்றைக்கு நீங்களே துலக்கிவிடுங்கள், ஆயாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.